குழவிக்கல்லைச் சுற்றிய விமானி

தனி விமானி உரிமம் என்பது வெயிலடிக்கும்போது மட்டும் செல்லுபடியாகும் தைரியம்.

தரை தெரிய வேண்டும். தொடுவானம் தெரிய வேண்டும். மேகத்தை விட்டு விலகியே பறக்க வேண்டும். இவ்வளவும் அமைந்தால் என்னைப் போன்றவன் ஒரு சிறிய விமானத்தைக் கிளப்பி, சற்று நேரம் சுற்றிவிட்டு, எடுத்த இடத்திலேயே இறக்கிவிடலாம். ஒரு மேகம் குறுக்கே வந்துவிட்டால் சட்டப்படி நான் பாதசாரி. மேகத்துக்குள் நுழைந்து, வெளியே எதையும் பார்க்காமல், முன்னால் இருக்கும் முள்களை மட்டும் நம்பி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தகுதி தருகிறார்கள். அதன் பெயர் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். அதற்குப் படிக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். படிக்கிறேன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வளைகுடாவில் ஒரு நாளிதழின் செய்தி மேஜையில் இருந்த காலத்தில், வார விடுமுறைகளில் பாலைவனத்துக்கு மேலே பறக்கப் படித்தவன் நான். அங்கே மேகம் வந்தால் முதல் பக்கத்தில் படம் போடுவோம். ஊர் திரும்பி, நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி போகிற வழியில் வயலைப் பார்த்து வீடு கட்டினேன். இங்கே மேகம் சொந்தவீட்டுக்காரன். வைகாசியில் இடவப்பாதி என்று ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, இடைப்பட்ட நாள்களில் மலையில் சாய்ந்து ஓய்வு. திருவனந்தபுரத்தில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து கொஞ்ச நாள் பறந்தேன். அப்புறம் மாமனார் படுத்தார், ரப்பர் விலையும் கூடவே படுத்தது, பறப்பது நின்றது. இரும்பு மட்டும்தான் துருப்பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இத்தனை வருஷத்தில் என் மனைவி சுகந்தி ஒருமுறைகூட என்னோடு விமானத்தில் ஏறியதில்லை. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏறாததற்கு அவளிடம் காரணம் உண்டு.

"மேகத்துக்குள்ள போனா உங்களுக்கு வழி தெரியுமா?" என்று கேட்டாள்.

"அதுக்குள்ள போகக் கூடாது" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும். மேகத்துக்குத் தெரியுமா?"

ரேட்டிங் வாங்கினால் மேகத்துக்குள்ளும் வழி தெரியும் என்றேன். "அப்ப வாங்குங்க. வாங்கின பொறவு வாறேன்" என்றாள்.

எனக்கு இந்த வயதில் இந்தத் தகுதி எந்த வேலையும் வாங்கித் தராது. அவளை வலது பக்க இருக்கையில் உட்கார வைத்து, நாங்கள் குடியிருக்கிற நாட்டை ஒரு தடவை மேலேயிருந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக நான் பட்டவற்றில் சிலவற்றைக் கீழே தருகிறேன். தலை நரைத்தபின் ஏதாவது ஒரு பரீட்சையில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

எல்லாம் மஞ்சள்

படிப்பதைவிடப் படிக்க ஆயத்தமாவது சுகம் என்று உங்களுக்கும் தெரியும். மார்த்தாண்டத்தில் மேஜை வாங்கினேன். மேஜைக்கு விளக்கு வாங்கினேன். புத்தகங்கள் கூரியரில் வந்தன. அவற்றை உயரவாரியாக அடுக்கி, பிறகு பாடவாரியாக அடுக்கி, மறுபடி உயரவாரியாக அடுக்கினேன். ஒரு வாரம் போனது. கடைசியில் ஒன்றைத் திறந்தபோது உள்ளே வாக்கியங்களைக் காணவில்லை. எல்லாம் சுருக்கெழுத்து. பத்திரிகையில் ஒரு சுருக்கெழுத்து முதல் முறை வரும்போது அதன் விரிவைப் போட வேண்டும் என்பது விதி. இங்கேயும் போட்டிருந்தார்கள். ஆனால் விரிவுக்குள் வேறு இரண்டு சுருக்கெழுத்துகள் இருந்தன. அவற்றைத் தேடிப் போனால் அவை என்னை முதலாவதிடமே திருப்பி அனுப்பின. எனக்கு முன்பே தெரிந்திருந்த சில விஷயங்களுக்கும் நான் பறக்காதிருந்த வருஷங்களில் பெயரை மாற்றியிருந்தார்கள்.

எது முக்கியம் என்று புரியாததால் மஞ்சள் மை பேனாவால் கோடு போட ஆரம்பித்தேன். சுகந்தி ஒரு கட்டு விடைத்தாளோடு வந்து, மேஜையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, அத்தனையையும் திருத்தி முடித்து எழுந்தாள். அப்போதும் நான் அதே பக்கத்தில்தான் இருந்தேன். பக்கம் மேலிருந்து கீழ்வரை மஞ்சளாக இருந்தது. குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"முக்கியமில்லாததுக்கு மட்டும் அடிச்சிருந்தா மையாவது மிஞ்சியிருக்கும்."

நேற்றைய மழை

விமானிகளுக்கு வானிலை அறிக்கை தனிமொழியில் வரும். எழுத்தும் எண்ணும் கலந்து, மூச்சு விடாமல் ஒரு வரி. எந்த நிருபராவது இப்படி ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அன்றைக்கே அவரை விளையாட்டுப் பக்கத்துக்கு மாற்றியிருப்பேன். அதைப் படிக்கத் தினமும் காலையில் பழகினேன். அதில் நேரம் நம் நேரமாக இருக்காது. உலகம் முழுவதற்கும் பொதுவாக லண்டன் பக்கத்து நேரம். அதை நம் நேரமாக மாற்ற ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும்.

மொட்டை மாடியில் சுகந்தி நல்லமிளகு காயப் போட்டிருந்தாள். குலசேகரத்தில் அவள் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்தது. பள்ளிக்குப் புறப்படும்போது, "மழை வருமா? எடுத்து உள்ள வைக்கணுமா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் முதன்முதலாக என் படிப்புக்கு ஒரு வேலை வந்தது. அறிக்கையை எடுத்தேன். மழை என்று போட்டிருந்தது. நேரத்தைக் கணக்கிட்டேன். "நேத்து ராத்திரியே பெய்து முடிஞ்சாச்சு" என்றேன். "நேத்துப் பெய்யல்லையே" என்றாள். "விமான நிலையத்துப் பக்கம் பெய்திருக்கும்" என்றேன், சிறிதும் தயங்காமல். அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பாள்; மழை பிடித்துக்கொண்டது. நான் மாடியேறுவதற்குள் மிளகு பாதி நனைந்து, மீதி பாதி ஓடைக்குழாய் வழியாக முற்றத்துக்கு வந்திருந்தது. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தேன். சாயங்காலம் கணக்கு டீச்சர் என் தாளை வாங்கிப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"நாளைக்குப் பெய்யப் போற மழையையும் இப்படி நேத்தே பெய்ய வச்சிருங்க. மிளகு காயவாவது ஒரு நாள் கிடைக்கும்."

காது

மேகத்துக்குள் போகிறவனுக்குக் காது நன்றாக இருக்க வேண்டும் என்று தனிச் சோதனை வைக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில், தொலைபேசிக் கூண்டு போன்ற ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்துக் காதில் கருவியை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். மிக மெல்லிய சத்தங்கள் வரும், கவனமாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் அந்தப் பிரிவின் ஊழியர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு சத்தம் கேட்டது. அழுத்தினேன். தூரத்தில் இன்னொன்று. அழுத்தினேன். இடது காதில் ஒன்று, வலது காதில் இரண்டு. நான் பயந்ததுபோல இல்லை. காது பிரமாதமாக இருந்தது. சுகந்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தைக்கூட அமைத்துவிட்டேன். கடைசியில் காது தேறியது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது இரண்டாவது சுற்றில். முதல் சுற்றில், நான் இன்னும் நான்கைந்து முறை அழுத்தியபின், கதவு திறந்தது. அந்த மனிதர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"சாரே, ஞான் மெஷின் இதுவரெ ஆன் செய்திட்டில்ல."

ரோஜர்

என் பயிற்சியாளர் கேப்டன் அனு. கோட்டயத்துப் பெண். எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயது இருக்கும். என்னை அங்கிள் என்று கூப்பிடுவார். மாணவனை அங்கிள் என்று கூப்பிடும் ஆசிரியரிடம் படிப்பது ஒரு வினோதமான நிலை. விமானத்தின் கதவை நமக்காகத் திறந்து பிடித்துக்கொள்வார். இறங்கியபின் அதே கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துத் திட்டுவார்.

ரேட்டிங்குக்குப் படிக்கும் முன்னால் துருவைத் தட்ட வேண்டும் என்று அவரோடு ஒரு காலை பறந்தேன். வெயில் நன்றாக இருந்தது. கடல் ஒரு பக்கம், தென்னை ஒரு பக்கம். கைகளுக்கு எல்லாம் நினைவிருந்தது. காதுக்குத்தான் நினைவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒருவர் ஏதோ வேகமாகச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க ஒரு தனிச் சொற்றொடரே உண்டு. அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "ரோஜர்" என்றேன். நீங்கள் சொன்னது கேட்டது என்று அர்த்தம். அவர் சற்று இடைவெளி விட்டு மறுபடி சொன்னார். மறுபடியும் "ரோஜர்" என்றேன், இம்முறை இன்னும் கம்பீரமாக. மூன்றாம் முறை அவர் குரல் நிதானமாகிவிட்டது, குழந்தையிடம் பேசுவதுபோல. நான் வாயைத் திறப்பதற்குள் அனு தன் பக்கத்து பட்டனை அழுத்திப் பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், நம்ம எந்த உயரத்துல இருக்கோம்னு அவர் கேட்டது. அதுக்கு ரெண்டு தடவை சரின்னு சொல்லியாச்சு."

வலம்

விமான நிலையம் தயாராக இல்லையென்றால் மேகத்துக்குள் இருக்கும் விமானத்தைக் காத்திருக்கச் சொல்வார்கள். விமானம் நின்று காத்திருக்க முடியாது. ஆகவே ஏதாவது ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, நீள்வட்டமாக, அந்தப் புள்ளிக்கு வந்து வந்து போய்ச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். எந்தத் திசையிலிருந்து வந்து சேர்கிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே நுழையும் முறை மாறும். மூன்று முறைகள். படத்தில் பார்த்தால் மூன்றும் எனக்கு ஒரே முறுக்காகத்தான் தெரிந்தன. "முற்றத்துல நடந்து பாருங்க அங்கிள், சட்டுனு புரியும்" என்றார் அனு.

நடக்க ஒரு புள்ளி வேண்டுமே. கிரைண்டர் வந்தபின் அடுக்களைப் பின்புறம் சும்மா கிடந்த ஆட்டுரலின் குழவிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து புல்லில் போட்டேன். மறுகோடியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. அதனால் மண்ணைக் கொஞ்சம் தோண்டி நிமிர்த்தி நட்டேன். வெளியே எதையும் பார்க்கக் கூடாது என்பதால் தொப்பியின் முன்புறத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளங்கையில் திசைகாட்டிப் படம் ஒன்று. காலையும் மாலையும் நடந்தேன். கல்லை அடையும்போது தலையைத் தாழ்த்தினால்தான் அது தெரியும், தாழ்த்தினேன். அந்த இடத்தில் நேரம் பார்ப்பது, திரும்புவது, வேகம் குறைப்பது என்று செய்ய வேண்டிய காரியங்களை வாய்விட்டு முணுமுணுக்க வேண்டும், முணுமுணுத்தேன். பொதுவான விதி, வலப்பக்கமாகத் திரும்ப வேண்டும்; திரும்பினேன். வெளியிலிருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தாணு அண்ணாச்சி பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வயலைப் பார்த்துக்கொள்கிறார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. சில நாள் மதில் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு காலை கூப்பிட்டார்.

"நல்ல காரியம்வேய். நாள் பாத்துத்தான வச்சீரு?"

நான் பதறிப்போய், அது சாமி இல்லை, கற்பனையாக ஒரு ரேடியோ நிலையம், விமானம் அதைச் சுற்றிக் காத்திருக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துத் தலையாட்டினார்.

"பேரு என்னவா இருந்தா என்ன. வலமாத்தான சுத்துதீரு, அது போரும்."

இடம்

சில இடங்களில் மலை இருக்கும், வேறு விமான வழி இருக்கும். அங்கே இடப்பக்கமாகத் திரும்பிச் சுற்ற வேண்டும். வலது ஓரளவு பிடிபட்டதும் இடதைத் தொடங்கினேன். முதல் சுற்று முடிவதற்குள் அண்ணாச்சி மதிலருகே வந்துவிட்டார். கையில் பல் தேய்க்கும் பிரஷ் அப்படியே இருந்தது.

"வேய், நில்லும். எதுக்கு இப்பம் இடமாச் சுத்துதீரு?"

"புத்தகத்துல இருக்கு அண்ணாச்சி."

"எந்தப் புத்தகத்துல?"

"அமெரிக்கக்காரன் எழுதினது."

அவர் பிரஷை மதில்மேல் வைத்தார்.

"அவனுக்கென்ன, எழுதிட்டுப் போயிட்டான். பக்கத்து வீட்டுல குடியிருக்கது நாங்கல்லா."

போதகர்

மறுநாள் காலையில் குழவியின் தலையில் ஒரு செம்பருத்தி இருந்தது. இடமாகச் சுற்றியதற்கு அண்ணாச்சி வீட்டிலிருந்து செய்த பரிகாரமாக இருக்க வேண்டும். எடுக்கத்தான் போனேன். ஆனால் சிவப்புப் பூவோடு பார்த்தால் புள்ளி முற்றத்தின் மறுகோடியிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். அந்தக் காலையில்தான் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறார். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. நான் கல்லருகே தலை தாழ்த்தி முணுமுணுத்துக்கொண்டிருந்ததால் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. பத்திரிகை வரவில்லை.

பதிலாக, போதகர் வந்தார். நான் சபைக் கமிட்டியில் இருக்கிறவன். அவர் வீட்டுக்கு வருவது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு ஜன்னல் பக்கத்து நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். சுகந்தி காப்பி கொடுத்தாள். மழை, பள்ளிக்கூடம், என் தூக்கம், மனக்கஷ்டம் ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். விசாரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கினேன். மேகம், ரேடியோ நிலையம், காத்திருத்தல், வலது, இடது. அவர் படித்த மனிதர், நல்ல கேள்விகள் கேட்டார். "காத்திருக்கச் சொன்னா காத்திருக்க வேண்டியதுதான, எதுக்குச் சுத்தணும்?" என்றார். நின்றால் விழுந்துவிடும் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. பிரசங்கத்துக்கு வைத்துக்கொண்டார் என்று முகத்தில் தெரிந்தது. பூ யார் வைத்தது என்று கேட்டார். பக்கத்து வீட்டில் என்றேன். நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்றார். தூரத்திலிருந்து நன்றாகத் தெரிகிறது என்றேன். சுகந்தி காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்கு நிச்சயமில்லை. ஜெபம் பண்ணி முடித்து, செருப்பைப் போட்டபின், போதகர் முற்றத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"உங்கள நம்புதேன். எதுக்கும் அந்தக் குழவிய மட்டும் படுக்க வச்சிருங்க."

பொதி

பேச்சு பரவாமலிருக்க, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகரே அறிவித்தார்: நம் சகோதரர் விமானத்தை மேகங்களுக்குள் செலுத்தும் உயர்ந்த பரீட்சைக்கு ஆயத்தமாகிறார், அவருக்காக ஜெபிப்போம். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் மேகத்துக்குள் என்றதும் சபையில் விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. இரண்டு பேர் திரும்பி என்னைக் கடைசியாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். "நான் ஒருத்தி பயந்தது பத்தாதா? இப்ப சபையே சேந்து பயப்படுது" என்று சுகந்தி பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

பயப்படாதவர் ஒருவர் இருந்தார். ஞானம் அக்கா. அவர் மகன் தோகாவில் வேலை. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து, துணி சுற்றித் தைத்த ஒரு டப்பாவை மேஜைமேல், என் புத்தகங்களின் மேல், வைத்தார். முந்திரிக்கொத்து. மகனுக்குப் பிடிக்குமாம். என் ஃப்ளைட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் ஓட்டுவது பெரிய விமானம் இல்லை, கடலைத் தாண்டாது என்றேன். பரவாயில்லை, எதுவரை போகும் என்றார். கொச்சி வரை போகலாம் என்றேன். அங்கே அவர் தங்கை மகன் இருக்கிறான், அவன் அனுப்பிவிடுவான், எப்போது போவீர்கள் என்றார். பறந்து கொஞ்ச நாள் ஆகிறது, பயிற்சியாளர் விட வேண்டும், விமானம் காலியாக இருக்க வேண்டும், அன்றைக்கு மேகம் இருக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். டப்பாவைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நான் கேஎஸ்ஆர்டிசி பஸ்ல குடுத்து விடுதேன் தம்பி. அது மழையிலயும் போவும்."

வெள்ளைத் திரை

பயிற்சி மையம் ஒன்றில் பொய் விமானம் இருக்கிறது. ஓர் அறைக்குள் விமானத்தின் முன்பகுதி மட்டும். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் திரை. முள்களெல்லாம் நிஜம்போலவே ஆடும். படிப்பில் எனக்கு எதுவும் தெளிவாகவில்லை என்று கண்டுகொண்ட அனு, "ஒரு தடவை உள்ள போய்ப் பாத்தா எதுக்குப் படிக்கறோம்னு புரியும்" என்று வரச் சொன்னார். பள்ளிக்கு விடுமுறை. நானும் வாறேன் என்றாள் சுகந்தி. நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அவளுக்கு எனக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தேர்வு அறையில் மேற்பார்வைக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். இந்த ஒரு மணி நேரம் நல்லபடியாகப் போனால் அவள் மனம் மாறக்கூடும், சொதப்பினால் ரேட்டிங்கே கிடைத்தாலும் ஏற மாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஓடுபாதையை விட்டு எழும்பும்வரை எல்லாம் சரி. அனு எதையோ அழுத்தினார். திரை முழுக்கக் கஞ்சித் தண்ணீர்போல வெளுத்தது. மேகம். இனி முள்கள்தான். நாம் போக வேண்டிய கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கிறோமா வலப்பக்கம் இருக்கிறோமா என்று ஒரு முள் காட்டும். முள் வலது பக்கம் போனால் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினேன். முள் இன்னும் வலது பக்கம் போனது. இன்னும் திரும்பினேன். அதுவும் போனது. அந்த முள்ளைச் சுற்றியுள்ள திசைவட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தால் முள் எதிர்ப்பக்கம் காட்டும் என்று எங்கோ மஞ்சளடித்த ஞாபகம் வந்தது. வட்டைத் திருப்பி வைத்திருந்தேனா என்பது ஞாபகம் வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உயரம் குறைந்தது. உயரத்தைச் சரிசெய்தபோது திசை மாறியது. பின்னால் நாற்காலி ஒரு தடவை முனகியது.

"அங்கிள்," என்றார் அனு, "இப்ப நம்ம எங்க இருக்கோம்?"

வர்க்கலைக்கு மேல் என்று சொல்லலாம். கடலுக்கு மேல் என்று சொல்லலாம். எதற்கும் ஆதாரமில்லை, மறுநாள் மறுப்பு வெளியிடவும் முடியாது. முள்களை ஒரு முறை பார்த்தேன். வெள்ளைத் திரையைப் பார்த்தேன்.

"தெரியல்ல" என்றேன்.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "சரி. றெக்கைய நேரா வச்சுக்கிட்டு அதையே ரேடியோவுல சொல்லுங்க. அதுக்குத்தான் அங்க ஆள் இருக்கு" என்றார். எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை, உதவி வேண்டும் என்று ரேடியோவில் சொன்னேன். கோபுரமாகவும் அனுவே நடித்து, இடது பக்கம் திரும்பு, இந்த உயரத்தில் இரு, இனி இறங்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். புரியாத இரண்டு இடங்களில் திரும்பச் சொல்லச் சொன்னேன். வெண்மை கலைந்து ஓடுபாதை தெரிந்தது. அதற்குப் பக்கத்துப் புல்லில் இறக்கினேன்.

திரும்பும் வழியில் காரிலும் சுகந்தி கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். பாறசாலை போனது, களியக்காவிளை போனது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அப்போது சொன்னாள்.

"வெயிலுள்ள ஒரு நாளாப் பாத்துச் சொல்லுங்க. நான் வாறேன்."

"ரேட்டிங் கிடைக்காமலா?"

"அது கிடைக்கும்போ கிடைக்கட்டும்."

"புல்லுல இறக்கினதப் பாத்தியே."

"பாத்தேன்" என்றாள். முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடியே மேலும் சொன்னாள்.

"மேகத்துக்குள்ள போயிட்டா, வழி தெரியும் வழி தெரியும்ணு சொல்லிட்டே ஓட்டுவீங்களேண்ணுதான் எனக்குப் பயம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க வாயில தெரியல்லண்ணு ஒரு சொல்லு இண்ணைக்குத்தான் கேட்டேன்."

ஆக, இத்தனை மாத ஆயத்தத்தில் நான் ஐயமறக் கற்றுத் தேறியது ஒரே ஒரு பதில், அதற்கும் எந்தப் பரீட்சையிலும் மதிப்பெண் போட மாட்டார்கள்.